கட்டடம் என்ன பாவம் செய்தது?

ஆகஸ்ட் 15 நமக்கு மட்டும் சொந்தமில்லை. கொரியாவுக்கும் அதுதான் விடுதலை நாள். நமக்கு 1947, அவர்களுக்கு 1945. ஜப்பான் சரணடைந்த தினம்.

1995ல் அந்த நாளுக்குப் பொன்விழா. சியோல் நகரத்தின் நட்டநடுவில் பல்லாயிரம் பேர் கூடியிருக்கிறார்கள். ஜனாதிபதி கிம் யங்-சாம் வந்திருக்கிறார். எதிரே கிரானைட் கல்லால் எழுப்பிய ஒரு பிரம்மாண்டமான கட்டடம். உச்சியில் செம்புக் கவிகை, அதன்மேல் ஒரு கூம்பு. ராட்சத கிரேன் ஒன்று அந்தக் கூம்பைக் கவ்விப் பிடிக்கிறது. மெள்ளத் தூக்குகிறது. ஏற்கெனவே அறுத்து வைத்திருந்ததால் தலை தனியாகக் கழன்று வருகிறது. கைதட்டல், ஆரவாரம், கண்ணீர்.

அடுத்த வருடம் நவம்பருக்குள் மொத்தக் கட்டடமும் போச்சு. அங்கே அப்படி ஒன்று இருந்ததற்கான தடயம்கூட இல்லை.

கொரியாக்காரர்கள் மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. போரில் சாம்பலாகிப்போன ஒரு நாட்டை இரண்டு தலைமுறைக்குள் தூக்கி நிறுத்தியவர்கள். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் செய்தது தப்பு என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். சாதாரணத் தப்பு இல்லை. ஜப்பான்காரன் பெயரைச் சொல்லித் தங்களுடைய சொந்தச் சரித்திரத்தில் ஐம்பது வருடத்தைக் கிழித்துப் போட்டிருக்கிறார்கள்.

உடனே கோபப்படாதீர்கள். முதலில் அவர்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அது சின்ன நியாயம் இல்லை.

சியோலில் கியோங்போக்குங் என்றொரு அரண்மனை இருக்கிறது. 1395ல் கட்டியது. ஜோசன் அரச வம்சத்தின் தலைமைப் பீடம். 1592ல் ஜப்பானியர்கள் படையெடுத்து வந்தபோது எரிந்து போனது. அப்புறம் கிட்டத்தட்ட 270 வருடம் வெறும் பொட்டல். 1865ல் ஆரம்பித்து மூன்றே வருடத்தில் மறுபடி கட்டி எழுப்பினார்கள். அதற்காக மக்களிடம் வரிமேல் வரி போட்டுப் பிழிந்தார்கள் என்பது தனிக்கதை.

1895 அக்டோபரில் ஒரு விடியற்காலை. ஜப்பானியத் தூதரின் ஏற்பாட்டில் ஆயுதக் கும்பல் ஒன்று அந்த அரண்மனைக்குள் புகுந்து நாட்டின் ராணியை வெட்டிக் கொன்றது. உடலை எரித்தது. ஒரு நாட்டின் தூதர், தான் தூது வந்த நாட்டின் ராணியையே ஆள் வைத்துக் கொல்வது என்பது சரித்திரத்தில் அடிக்கடி நடக்கிற சங்கதி இல்லை. பதினைந்து வருடம் கழித்து, 1910ல், நாட்டையே விழுங்கியாச்சு.

விழுங்கியவர்களுக்கு ஆபீஸ் வேண்டுமல்லவா? கவர்னர் ஜெனரல் உட்கார ஓர் இடம். சியோலில் இடத்துக்கா பஞ்சம்? ஆனால் ஜப்பானியர்கள் தேர்ந்தெடுத்தது எந்த இடம் தெரியுமா? அரண்மனையின் முன்வாசலுக்கும் சிம்மாசன மண்டபத்துக்கும் நடுவில். 1915ல் அங்கே ஒரு தொழில் கண்காட்சி நடத்துகிறோம் என்று சொல்லி வரிசையாகக் கட்டடங்களைப் பிரித்து எடுத்தார்கள். 1916ல் வேலை ஆரம்பம். 1926 அக்டோபரில் திறப்பு விழா. தெருவில் நின்று பார்க்கிற கொரியனுக்கு இனிமேல் அரண்மனை தெரியாது. ஜப்பான் மட்டும்தான் தெரியும். எதிரியின் மார்பில் ஏறி உட்கார்வது என்பார்களே, அதைக் கல்லில் செய்திருந்தார்கள்.

மிச்சமிருந்தது குவாங்ஹ்வாமுன் என்கிற முன்வாசல் கோபுரம். புதுக் கட்டடத்தின் முகத்தை அது மறைத்தது. இடித்துவிடலாம் என்று பேச்சு வந்தது. அப்போது அதை எதிர்த்து 1922ல் ஒரு கட்டுரை வெளியானது. எழுதியவர் யானகி முனேயோஷி. கலை விமரிசகர். கவனியுங்கள், அவர் கொரியர் இல்லை, ஜப்பானியர். ஜப்பானியப் பத்திரிகையில்தான் எழுதினார். அடிமைப்பட்டவனின் வாசலுக்காக ஆளுகிறவனின் ஊரிலிருந்து ஒரு குரல். அந்தக் கட்டுரை கிளப்பிய அதிர்வில் வாசலை இடிக்காமல் பிரித்து எடுத்து, 1927ல் அரண்மனையின் கிழக்குப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

இந்த வாசல் சமாசாரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஆக, அந்தக் கட்டடம் கட்டப்பட்டதே அவமானப்படுத்துவதற்காகத்தான். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. என் வீட்டு வாசலில் எவனாவது இப்படிக் கட்டியிருந்தால் நானும் கடப்பாரையோடுதான் கிளம்பியிருப்பேன். ஆனால் எப்போது கிளம்பியிருப்பேன்? 1945 ஆகஸ்ட் 16 காலையில். ஐம்பது வருடம் அதே வீட்டில் குடியிருந்து, கல்யாணம் கார்த்தி எல்லாம் அங்கேயே முடித்து, பேரன் பேத்தி எடுத்தபிறகு இல்லை.

நான் பி.காம். படித்தவன். புத்தி கணக்கில்தான் போகும். இந்தக் கட்டடத்தின் ஆயுளைப் பற்று வரவு போட்டுப் பார்த்தால் ஜப்பான் அதில் இருந்தது 19 வருடம். 1926லிருந்து 1945 வரை. மிச்சம் ஐம்பது வருடம் யார் கணக்கு?

அதைத்தான் சொல்ல வருகிறேன்.

1945 செப்டம்பர் 9. கடைசி கவர்னர் ஜெனரல் அபே நொபுயுகி அமெரிக்கத் தளபதி ஹாட்ஜ் முன்னிலையில் சரணடைந்து கையெழுத்துப் போட்டது இந்தக் கட்டடத்துக்குள். ஜப்பான் கொடி இறங்கியது. ஏறியது கொரியக் கொடி என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். அமெரிக்கக் கொடி. அடுத்த மூன்று வருடம் அமெரிக்க ராணுவ நிர்வாகம். ஆபீஸ் அதே ஆபீஸ். கொரியர்கள் அதற்கு ஜுங்காங்சோங் என்று பெயர் வைத்தார்கள். மத்திய அரசுத் தலைமையகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

1948ல் தெற்கே தேர்தல் வந்தது. அதை மேற்பார்வை பார்க்க ஐ.நா. ஒரு கமிஷன் அனுப்பியது. அந்தக் கமிஷனின் முதல் தலைவர் நம் கே.பி.எஸ். மேனன். (கொரியா விவகாரத்தில் நமக்கு ஒன்றும் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்களுக்காக இந்தத் தகவல்.) அந்தத் தேர்தலில் ஜெயித்து வந்தவர்கள் மே 31ம் தேதி உட்கார்ந்த இடம் எது? இதே கட்டடம். ஜூலை 17 அன்று கொரியக் குடியரசின் அரசியல் சட்டத்தை அறிவித்த இடம்? இதே கட்டடம். ஆகஸ்ட் 15 அன்று, 'இன்று முதல் நாங்கள் ஒரு குடியரசு' என்று உலகத்துக்குச் சொன்னது இதே கட்டடத்தின் முன்வாசலில். பக்கத்தில் ஜெனரல் மக்ஆர்தர் நிற்க, முதல் ஜனாதிபதி சிங்மன் ரீ மைக் பிடித்தார்.

அதாவது, அந்த நாடு பிறந்த பிரசவ வார்டு அது. ஆஸ்பத்திரியைக் கட்டியவன் அயோக்கியனாகவே இருக்கட்டும். குழந்தை நம்முடையதா இல்லையா?

இரண்டு வருடம்கூட முழுதாகப் போகவில்லை. 1950 ஜூன் 25ல் வடகொரியா படையெடுத்தது. மூன்றே நாளில் சியோல் விழுந்தது. ஜுங்காங்சோங் உச்சியில் கிம் இல்-சுங்கின் கொடி. மூன்று மாதம். செப்டம்பர் 27ல் தென்கொரிய மரைன்கள் உள்ளே புகுந்து தங்கள் கொடியை ஏற்றினார்கள். பின்வாங்கிய வடகொரியர்கள் போகிறபோக்கில் உள்ளே தீ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். 29ம் தேதி, புகை நாற்றம் போகாத அதே மண்டபத்தில் ஒரு விழா. மக்ஆர்தர் தலைநகரத்தை முறைப்படி ரீயிடம் ஒப்படைக்கிறார். வெளியே எங்கோ பீரங்கிச் சத்தம். அந்த அதிர்வில் மேலே கவிகையின் கண்ணாடித் துண்டுகள் பொலபொலவென்று உதிர்கின்றன. கீழே இருந்தவர்களில் சிலர் இரும்புத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். மக்ஆர்தர் அசையவில்லை. பிரார்த்தனை சொல்லித்தான் முடித்தார். கிழவருக்கு நாடகம் பிடிக்கும்.

ஆக, ஒரே கட்டடத்தின் மேல் ஐந்து வருடத்தில் நான்கு கொடிகள். ஜப்பான், அமெரிக்கா, தென்கொரியா, வடகொரியா. இருபதாம் நூற்றாண்டில் கொரியாவுக்கு என்னவெல்லாம் நடந்தது என்று ஒரு வெளியூர்க்காரன் கேட்டால், புத்தகமே வேண்டாம், அந்தக் கொடிக்கம்பத்தைக் காட்டினால் போதும். காட்டத்தான் முடியாது இப்போது.

போருக்குப் பிறகு ரீ அந்தப் பக்கமே திரும்பவில்லை. அவருக்கு அந்தக் கட்டடம் அறவே பிடிக்காது. கரி பிடித்து, கூரை பொத்துக்கொண்டு கிடந்தது. இடித்திருந்தால் அப்போதே இடித்திருக்கலாம். யாரும் தப்பு சொல்லியிருக்க முடியாது. ஆனால் சோற்றுக்கே அல்லாடுகிற தேசத்தில் இடிப்பதற்கும் காசு வேண்டுமே.

1961ல் ராணுவப் புரட்சி. பார்க் சுங்-ஹீ வந்தார். அவருக்கு இந்த மாதிரி மனக்கிலேசங்கள் கிடையாது. 1962 நவம்பருக்குள் செப்பனிட்டு மறுபடி அரசு அலுவலகமாக்கினார். மந்திரிகள் வந்தார்கள். ஃபைல்கள் வந்தன.

1968ல் ஒரு வேடிக்கை நடந்தது. ஜப்பானியர்கள் ஓரங்கட்டி வைத்த குவாங்ஹ்வாமுன் வாசலின் மரக் கோபுரம் போரில் எரிந்து போயிருந்தது அல்லவா, அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து திரும்பக் கட்டப்போகிறேன் என்றார் பார்க். நல்ல விஷயம். கட்டினார். எதில்? கான்கிரீட்டில். பெயர்ப்பலகைக்குத் தன் சொந்தக் கையெழுத்தை வைத்துக்கொண்டார். அதுகூடப் பரவாயில்லை. வாசலை எதற்கு நேராக நிறுத்தினார் தெரியுமா? பின்னால் இருக்கும் அரண்மனைக்கு நேராக இல்லை. ஜப்பானியர்கள் கட்டிய கட்டடத்துக்கு நேராக. அரண்மனையின் அச்சும் அந்தக் கட்டடத்தின் அச்சும் ஒன்றுக்கொன்று கொஞ்சம் சாய்ந்தவை. கொரியாவின் புராதன வாசலை ஜப்பானியக் கட்டடத்துக்கு மேட்சிங் பார்த்து நிறுத்தியது ஜப்பான் இல்லை. கொரியாவின் ஜனாதிபதி. 1995ல் கண்ணீர் விட்டவர்களில் எத்தனை பேருக்கு இது ஞாபகம் வந்திருக்கும்?

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

1980 மே 17, ராத்திரி. பார்க் கொலை செய்யப்பட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. சுன் டூ-ஹ்வான் என்கிற ஜெனரல் டிசம்பரிலேயே ராணுவத்தைக் கையில் எடுத்துக்கொண்டுவிட்டார். பாக்கியிருந்தது அரசாங்கம். நாடு முழுக்க ராணுவச் சட்டத்தை விரிவாக்க மந்திரிசபை ஒப்புதல் வேண்டும். ஜுங்காங்சோங்கில் கூட்டம். மந்திரிகள் வந்து பார்த்தால் வராந்தா முழுக்கத் துப்பாக்கியோடு சிப்பாய்கள். விவாதமா? மூச்! சில நிமிடங்களில் தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் குவாங்ஜு நகரத்தில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ராணுவம் அவர்களை எப்படிக் கொன்று குவித்தது என்பது உலகத்துக்கே தெரியும்.

அந்தத் தீர்மானம் நிறைவேறியது எந்தக் கட்டடத்தில்? எந்த வராந்தாவில் சிப்பாய் நின்றான்? எந்த மேஜையைச் சுற்றி அந்த மந்திரிகள் வாய் மூடி உட்கார்ந்தார்கள்? அதில் எதையாவது ஜப்பான்காரன் செய்தானா?

மே 17க்குப் பிறகு வீட்டுக் காவலில் அடைக்கப்பட்ட எதிர்க்கட்சித் தலைவர்களில் ஒருவர் பெயர் கிம் யங்-சாம். ஆமாம், அதே கிம் யங்-சாம்தான். பிற்பாடு 1983ல் இருபத்து மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்தவர். நிஜமான போராளி. 1993ல் ஜனாதிபதி ஆனார். சரித்திரத்தை நேர்செய்கிறேன் என்று கிளம்பினார். சுன் டூ-ஹ்வானைப் பிடித்து உள்ளே போட்டார். 1995 டிசம்பரில் கைது. 1996 ஆகஸ்டில் கீழ்க்கோர்ட்டில் மரண தண்டனை. (அப்புறம் அது ஆயுளாகக் குறைந்து, 1997 டிசம்பரில் மன்னிப்பாகவும் கரைந்து போனது.) எழுந்து நின்று கைதட்ட வேண்டிய காரியம்.

ஆனால் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆட்சிக் கவிழ்ப்புக் குற்றவாளி கூண்டில் நிற்கிற அதே மாதங்களில், குற்றம் நடந்த கட்டடத்தைத் துண்டு துண்டாக அறுத்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எந்தக் கேஸிலாவது விசாரணை நடக்கும்போதே சம்பவ இடத்தை அரசாங்கமே புல்டோசர் வைத்துத் தள்ளுமா? அதுவும் அந்தக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரே அதற்கு உத்தரவு போடுவாரா?

போட்டார். ஏனென்றால் அவர் கண்ணுக்கு அது ஜப்பான் கட்டடமாக மட்டுமே தெரிந்தது. ஜப்பான் போன பிறகு அங்கே நடந்த எதுவும் கணக்கிலேயே வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்லக் கசக்கிறது, ஆனாலும் உண்மை. அந்தக் கட்டடத்துக்குக் கிடைத்த ஆகச் சிறந்த உபயோகத்தைச் செய்தது அந்த சுன் டூ-ஹ்வான் ஆட்சிதான். மந்திரிசபை அலுவலகங்களை வேறு இடங்களுக்கு அனுப்பிவிட்டு, 1986 ஆகஸ்டில் அதைத் தேசிய அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். ஆசிய விளையாட்டுப் போட்டி வரப்போகிறது, வெளிநாட்டுக்காரன் வருவான், காட்ட ஏதாவது வேண்டும் என்கிற கணக்கு. கணக்கு எதுவானால் என்ன? கொரியாவே கிடையாது, எல்லாம் ஜப்பான்தான் என்று சொல்வதற்காகக் கட்டிய மண்டபத்தில், ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முந்தைய ஷில்லா தேசத்துத் தங்கக் கிரீடமும் கோரியோ காலத்துப் பச்சைப் பீங்கானும் வந்து உட்கார்ந்தன. இதைவிடப் பெரிய பதிலடி என்ன இருக்க முடியும்? கவர்னர் ஜெனரல் நடந்த படிக்கட்டில் கொரியப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக ஏறிப் போனார்கள். அந்தக் காட்சியை ஒன்பது வருடத்துக்குமேல் வாழவிடவில்லை.

இடிக்கவேண்டும் என்றவர்கள் சொன்ன காரணங்களையும் பார்த்துவிடலாம். ஒன்று, மேலிருந்து பார்த்தால் கட்டடம் ஜப்பானின் பெயரில் வரும் 'நாள்' என்ற எழுத்து மாதிரி இருக்கிறதாம். பின்னால் இருக்கும் மலை 'பெரிய' என்கிற எழுத்தாம். தூரத்திலிருக்கும் நகராட்சிக் கட்டடம் மூன்றாவது எழுத்தாம். மூன்றையும் சேர்த்துப் படித்தால் 'மகா ஜப்பான்'. உள்ளே இரண்டு முற்றம் வைத்துக் கட்டுகிற எந்தக் கட்டடமும் மேலிருந்து பார்த்தால் அந்த எழுத்து மாதிரிதான் இருக்கும். ஐரோப்பாவில் அப்படி ஏராளம் உண்டு. தவிரவும், இதற்கு முதலில் வரைபடம் போட ஆரம்பித்தவர் டி லாலாண்ட் என்கிற ஜெர்மன்காரர். மலையை எந்த ஆர்க்கிடெக்ட் வரைந்தார் என்பதையும் சொல்லியிருக்கலாம். கொரிய மலைகளின் சக்தி நரம்புகளில் ஜப்பானியர்கள் இரும்பு ஆணி அடித்து வைத்தார்கள் என்று சொல்லி, அதே 1995ல் அரசாங்கச் செலவில் ஆணி பிடுங்கினார்கள். இந்த லிஸ்டில் கட்டடம்தான் இருப்பதிலேயே பெரிய ஆணி.

இரண்டாவது காரணம் கனமானது. அரண்மனையை மீட்க வேண்டாமா என்பது. வேண்டும்தான். இன்றைக்கு அந்த இடத்தில் 2001ல் கட்டி முடித்த ஹுங்னேமுன் என்னும் உள்வாசல் நிற்கிறது. 2010 ஆகஸ்ட் 15ல் பார்க்கின் கான்கிரீட் வாசலையும் எடுத்துவிட்டு மரத்திலேயே குவாங்ஹ்வாமுன்னைக் கட்டி, சரியான அச்சில் நிறுத்திவிட்டார்கள். அழகாகத்தான் இருக்கிறது. மறுக்கவில்லை. ஆனால் அந்த உள்வாசல் 2001ன் மரம், 2001ன் வண்ணம். உடைத்தது அசல். கட்டியது நகல்.

இந்த இடத்தில்தான் அந்த 1927 சமாசாரம். இடம் பெயர்த்து வேறு எங்காவது வைத்துவிடலாமே என்று அப்போதே யோசனை சொன்னார்கள். செலவு தாங்காது, சாத்தியமில்லை என்று முடித்துவிட்டார்கள். சரித்திர ஆசிரியர்களும் கட்டடக் கலைஞர்களும் எழுதிப் பார்த்தார்கள், கத்திப் பார்த்தார்கள். அடக்கி ஆள வந்த காலனி அரசாங்கம்கூட ஒரே ஒரு கட்டுரையின் சத்தத்துக்குக் காது கொடுத்து, ஒரு வாசலை உடைக்காமல் நகர்த்தி வைத்தது. தேர்தலில் ஜெயித்து வந்த ஜனநாயக அரசாங்கம் தன் சொந்த ஜனங்களின் குரலுக்கு அந்த அளவுகூடக் காது கொடுக்கவில்லை. வாசலை நகர்த்துவதும் மலை போன்ற கல் கட்டடத்தை நகர்த்துவதும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றில்லைதான். நகர்த்த முடியாவிட்டால் அங்கேயே விடுங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன்.

அவசரம் எப்படிப்பட்ட அவசரம் என்றால், உள்ளே இருந்த பொக்கிஷங்களுக்குப் புது வீடு கட்டுவதற்கு முன்னாலேயே பழைய வீட்டை உடைத்துவிட்டார்கள். தேசிய அருங்காட்சியகம் வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பம் மாதிரி அரண்மனை வளாகத்திலேயே ஒரு தற்காலிகக் கட்டடத்துக்குச் சட்டி பானையோடு மாறியது. யோங்சானில் நிரந்தர வீடு திறந்தது 2005 அக்டோபரில். ஒரு தேசத்தின் கிரீடங்கள் ஒன்பது வருடம் ஒண்டுக்குடித்தனம். பொன்விழாத் தேதி தவறிவிடக்கூடாதே!

அந்தக் கோடையின் இன்னொரு தேதியையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1995 ஜூன் 29. சியோலில் சம்பூங் என்கிற பல்பொருள் அங்காடி, மாலை நேரம், கூட்டம் நெரிகிற பொழுதில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 502 பேர் செத்தார்கள். கட்டி ஆறு வருடம்கூட ஆகாத கட்டடம். அதுவும் உபயோகம் மாறிய கதைதான். முதலில் நான்கு மாடி என்று போட்ட திட்டத்தைக் கடையாக மாற்றி, எஸ்கலேட்டர் வைக்கத் தூண்களைச் செதுக்கி, மேலே ஐந்தாவது மாடி ஏற்றி, அதில் ஹோட்டல் வைத்தார்கள். முந்தைய வருடம்தான் சோங்சு பாலம் ஆற்றில் விழுந்து 32 பேர் போயிருந்தார்கள். அதாவது, விழவே கூடாதவை எல்லாம் விழுந்துகொண்டிருந்த காலம். லஞ்சம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்ட அதிகாரிகள்மேல் ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. சம்பூங் விழுந்த நாற்பத்தேழாவது நாள், போரையும் தீயையும் தாங்கி நின்ற 69 வயதுக் கட்டடத்தின் தலையைக் கிரேன் வைத்து எடுத்தார்கள். திட்டம் 1993லேயே போட்டதுதான், சம்பூங்குக்காகச் செய்யவில்லை. ஆனாலும் ஜனங்கள் கைதட்ட ஏங்கிக்கொண்டிருந்த நேரத்தில் கைதட்ட ஒரு காட்சி கிடைத்தது.

சரி, ஜப்பான் கட்டியதெல்லாம் போக வேண்டும் என்பது கொள்கை என்றால், அதையாவது ஒழுங்காகச் செய்தார்களா? இல்லை! பழைய சியோல் ரயில் நிலையம், 1925. ஜப்பான் கட்டியதுதான். 2011லிருந்து அது கலைக்கூடம். கொரிய வங்கியின் பழைய தலைமையகம், 1912. இப்போது நாணய அருங்காட்சியகம். நகராட்சிக் கட்டடம், அதே 1926ல் பிறந்தது, 'மகா ஜப்பானின்' மூன்றாவது எழுத்து. அதை 2008ல் நகராட்சி இடிக்க ஆரம்பித்தபோது, பாரம்பரியச் சின்னங்களைப் பார்த்துக்கொள்ளும் அரசுத் துறை பாதியில் ஓடிவந்து கையைப் பிடித்தது. முகப்பு தப்பியது. 2012 அக்டோபரில் பொது நூலகமாகத் திறந்தார்கள். ஜப்பானிய அதிகாரிகள் ஊரை ஆண்ட இடத்தில் இப்போது யார் வேண்டுமானாலும் போய்ப் புத்தகம் படிக்கலாம்.

இதையெல்லாம்விடப் பெரிய உதாரணம் சோடேமுன் சிறை. 1908ல் ஜப்பானியர்களின் பிடியில் திறந்தது. விடுதலைப் போராளிகளை அங்கேதான் அடைத்தார்கள், சித்திரவதை செய்தார்கள், தூக்கில் போட்டார்கள். கொரியாவில் ஒரே ஒரு கட்டடத்தின்மேல் ஜனங்களுக்கு வெறுப்பு வரவேண்டும் என்றால் அது இதுதான். அதை இடித்தார்களா? 1987 வரை சிறையாகவே வைத்திருந்தார்கள். ஜப்பான் போன பிறகு நாற்பத்திரண்டு வருடம், அதே கொட்டடிகளில் தங்கள் சொந்த ஜனநாயகப் போராளிகளை அடைத்தார்கள். 1998ல் அருங்காட்சியகம் ஆனது. இன்றைக்குக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டுபோய், இந்தா பார், இங்கேதான் நடந்தது என்று காட்டுகிறார்கள். தூக்கு மேடையை வைத்துக்கொள்ளலாம், அரசியல் சட்டம் பிறந்த மண்டபத்தை வைத்துக்கொள்ளக் கூடாது என்றால் இது என்ன கணக்கு?

உனக்கென்ன வலி, நீ வெளியூர்க்காரன் என்று ஒரு கொரியர் என்னிடம் கேட்டால் பதில் இல்லை. ராணியைக் கொன்றது அவர்கள் வீட்டில். ஆனால் குவாங்ஜுவில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அவளுக்கும் அந்தக் கட்டடத்தில் ஒரு வராந்தா பாக்கி இருந்தது. என்னிடம் விட்டிருந்தால் கீழ்த்தளம் முழுக்க 1916லிருந்து 45 வரை. அதற்கு மேலே 1948. ஒரு ஹாலை மட்டும் 1950ன் கரியோடு அப்படியே விட்டிருப்பேன். ஆக மேலே, 1980ன் அந்த மந்திரிசபை அறை. நாற்காலிகள் போட்டு, காலியாக.

இடித்ததில் சில துண்டுகள் மிச்சம் இருக்கின்றன. சியோலுக்குத் தெற்கே சொனான் ஊரில் விடுதலைப் போராட்ட அருங்காட்சியகம் ஒன்று உண்டு. அதன் வளாகத்தில் மேற்கு மூலையில், சூரியன் அஸ்தமிக்கிற திசை பார்த்து, 1998ல் ஒரு பூங்கா அமைத்தார்கள். தரைமட்டத்துக்கு ஐந்து மீட்டர் கீழே பள்ளம் தோண்டி, கிரேன் தூக்கிய அந்தக் கூம்பை உள்ளே நிறுத்தியிருக்கிறார்கள். வருகிறவர்கள் அதைக் குனிந்து, கீழே பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. சுற்றிலும் உடைந்த தூண்களும் கல்துண்டுகளும் கிடக்கின்றன. அவற்றில் எந்தக் கல் 1948ல் அரசியல் சட்டத்தைக் கேட்டது, எந்தக் கல் 1980ல் சிப்பாயின் முதுகில் உரசியது என்று கண்டுபிடிக்க வழியில்லை. எல்லாமே ஜப்பான் கல்தான் அங்கே.

அனுமதி இலவசம்.